மழை பொய்த்த ஆண்டின் கணக்கு

ஆற்று நீருக்கான வழக்கில் சட்டத்தரணிகள் எழுந்து பேசுவதற்கு வெகுகாலம் முன்பே அரைவாசி வழக்கு முடிந்துவிடுகிறது. ஆற்றை எந்த இடத்தில் அளந்தார்கள், ஆண்டை எந்த மாதத்தில் தொடங்கினார்கள், எத்தனை வருடப் பதிவை எடுத்தார்கள், அவற்றுள் எதைச் சாதாரண வருடம் என்று ஏற்றுக்கொண்டார்கள் என்ற நாலு கேள்விக்கும் பொறியியலாளர்கள் எழுதிவைத்த பதில்தான் பின்னர் தீர்ப்பில் உரிமையாக இடம்பெறுகிறது. அந்தப் பதில் எழுதப்படும்போது ஆற்றின் கடைசியில் விதைக்கிறவன் அநேகமாக அந்த இடத்தில் இருப்பதில்லை. அருவியாறு கடலில் விழும் மன்னார்க் கரையைச் சேர்ந்தவன் நான். இந்த விடயம் எனக்கு முழுதாக விளங்கியது 2017இல், எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காவிரி வழக்கைக் கேட்டபோது.

2016 ஒக்டோபரில் பெய்யவேண்டிய மாரி பாக்கு நீரிணையின் இரண்டு பக்கமும் பொய்த்தது. தஞ்சாவூர்ப் பக்கம் சம்பா காய்ந்த அதே மாதங்களில் எங்கள் முசலிப் பக்கம் காலபோகம் காய்ந்தது. சிலாவத்துறைக்குக் கிழக்கே அகத்திமுறிப்புக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒருவர் அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் வந்தார். 1990இல் மன்னார் முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது புத்தளத்துக்குப் போய், யுத்தம் முடிந்த பின் திரும்பி, பற்றைக்காடாய்க் கிடந்த வயலை வெட்டித் துப்புரவாக்கி மறுபடி விதைத்தவர். குளத்துத் துருசடியில் நட்டிருக்கும் அடிக்கோலை அவர் காலையில் பார்த்து, திகதியும் அடியும் அங்குலமுமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஒற்றை ரூல் கொப்பியொன்றில் எழுதி வந்திருந்தார். சில பக்கங்களின் ஓரத்தில் “வாய்க்கால் வரத்து இல்லை” என்று மூன்றே சொல். ஜனவரியில் பயிர் குடலைப் பருவத்தில் நின்ற வாரம் அந்தச் சொற்கள் தினமும் எழுதப்பட்டிருந்தன.

“மேலே மழை பெய்ததெண்டு ரேடியோவில சொன்னாங்க சேர். எங்களுக்குத் தண்ணி வரயில்ல. எங்க போனதெண்டு கேட்டுத் தாங்க, அது போதும்” என்றார். நட்டஈடு வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் சட்டத்தில் அவர் கேட்டதுதான் மிகக் கடினமான கேள்வி.

ஏன் கடினம் என்பதற்கு ஆற்றின் அமைப்பைச் சொல்லவேண்டும். அருவியாறு, மேலே மல்வத்து ஓயா. நீளத்தில் மகாவலிக்கு அடுத்தது, 164 கிலோமீற்றர். அனுராதபுர மாவட்டத்தின் நாச்சதுவ, நுவர வாவி போன்ற பெருங்குளங்களையும் கணக்கற்ற சிறு குளங்களையும் நிரப்பியபடி வந்து, மன்னார் மாவட்டத்துத் தேக்கம் அணையில் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. வலப்பக்கம் போவது கட்டுக்கரைக் குளத்துக்கு, இடப்பக்கம் போவது எங்கள் அகத்திமுறிப்புக்கு. மிஞ்சியது அரிப்புக்கு வடக்கே கடலில் சேரும். இதைவிட நீளத்திலும் நீரேந்து பரப்பிலும் சிறியதான களுகங்கை கடலுக்குக் கொண்டுபோகும் நீரோ இதைப்போலப் பல மடங்கு. நாட்டில் உள்ள 103 ஆற்றுப் படுகைகளையும் ஆண்டு நீரளவில் ஒரே அட்டவணையில் அடுக்கிப் பார்த்தால் இலங்கை தண்ணீர் மிகுந்த நாடாகத்தான் தெரியும். அந்தச் சராசரி களுத்துறையில் மெய், முசலியில் பொய். இந்தப் பொய்யில்தான் எங்கள் திட்டங்களும் நிவாரணக் கணக்குகளும் நெடுங்காலமாக ஓடியிருக்கின்றன என்பது என் கருத்து.

ஓர் ஆற்றுக்குள்ளும் சராசரி இப்படித்தான் ஏமாற்றும். 1957 டிசம்பர் வெள்ளத்தில் நாச்சதுவக் குளம் உடைத்துக்கொண்டு போனது. அப்படியான ஒரு வருடம் பட்டியலில் இருந்தால் பக்கத்து மூன்று வரண்ட வருடங்களையும் அது தூக்கி நிறுத்திவிடும். கடலுக்குள் போன வெள்ளம் எவருடைய வயலுக்கும் பாயவில்லை. ஆனாலும் கூட்டிப் பிரிக்கும்போது ஒவ்வொருவர் பங்கிலும் அது ஏறி நிற்கும்.

அவருக்காக எந்த வழக்கைப் போடலாம் என்று பார்த்தேன். அரசின் செயலால் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள் போகவேண்டும். எந்த நாளிலிருந்து ஒரு மாதம்? மேலேயுள்ள கதவு ஒன்று எப்போது மூடப்பட்டது என்பது கீழே இருப்பவனுக்குத் தெரியாது. பயிர் வாடும்போதுதான் தெரியவரும், அதற்குள் அந்த மாதம் போய்விடும். நீரியல் கணக்கில் எங்கள் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி தொடங்கி செப்ரெம்பர் 30இல் முடிகிறது. ஒரு வருடம் குறைந்த வருடம்தானா என்று அறியவே பன்னிரண்டு மாதம் காத்திருக்கவேண்டிய ஒரு விடயத்துக்குச் சட்டம் தரும் அவகாசம் ஒரு மாதம். இந்த வரம்பை வைத்தவர்கள் கைதையும் பதவி நீக்கத்தையும் மனதில் வைத்திருப்பார்கள், அவை ஒரே நாளில் நடக்கிறவை. தண்ணீர் குறைவது அப்படி ஒரே நாளில் நடப்பதில்லை.

மற்ற வழி எழுத்தாணை. அரச அதிகாரி ஒருவரை அவர் கடமையைச் செய்யும்படி கட்டளையிடக் கேட்பது. ஆனால் அந்தக் கடமை இன்னதென்று சட்டத்திலோ சட்டத்தின் கீழ் எடுத்த முடிவிலோ துலக்கமாக இருக்கவேண்டும். பயிர்ச்செய்கைக் கூட்டத்தின் முடிவுக்குச் சட்ட வலு உண்டு. விதைப்புத் திகதி, நீர் விடும் திகதி, நிறுத்தும் திகதி எல்லாம் அதில் இருக்கும். குளத்தில் உள்ள நீரைப் பங்கிடுவதோடு அது நின்றுவிடும். குளத்துக்கு எவ்வளவு வந்துசேர வேண்டும், தேக்கத்தைத் தாண்டி எந்த மாதம் எத்தனை ஏக்கர் அடி இறங்கவேண்டும் என்று சொல்லும் எண் எந்தத் தாளிலும் கிடைக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் கடமை இல்லை, கடமை இல்லாத இடத்தில் எழுத்தாணை இல்லை. கொப்பியை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டு அவர் போனார்.

அந்த ஆண்டு வேறொரு அலுவலாக டெல்லி போனபோது, இறுதி விசாரணை நடந்துகொண்டிருந்த காவிரி வழக்கைப் பார்க்க இந்திய உச்ச நீதிமன்றத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கினேன். தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுடன் அமிதவ ராய், கான்வில்கர் ஆகியோரின் அமர்வு. கர்நாடகத்தின் பக்கம் பாலி நாரிமன் தலைமையில் ஓர் அணி, தமிழ்நாட்டின் பக்கம் சேகர் நாப்டே தலைமையில் ஓர் அணி. 1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லுமா, பிரித்தானியர் காலத்தில் மைசூர் சமமாக நின்று கையெழுத்திட்டதா என்ற வாதங்களைப் பத்திரிகைகள் விரிவாக எழுதின. எனக்கு அவை அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. மேசைகளில் அடுக்கியிருந்த அட்டவணைகள்தான் என் கண்ணை இழுத்தன. இரண்டு தரப்புக்கும் பின்னால் பொறியியலாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி எழுந்தவுடன் தாள் முன்னே நகர்ந்தது.

அந்தத் தாளில் உள்ள எண் எப்படி உருவாகிறது? ஆற்றின் ஓரிடத்தைத் தேர்ந்து அடிக்கோல் நட்டு, நாளுக்குச் சில தடவை நீர்மட்டத்தைப் பதிகிறார்கள். மட்டம் மட்டும் போதாது. பாலத்தில் நின்றோ படகில் போயோ ஆற்றின் அகலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழம் பார்த்து, சிறு சுழலி கொண்ட கருவியை நீருக்குள் இறக்கி வேகம் எடுத்து, பரப்பையும் வேகத்தையும் பெருக்குகிறார்கள். இப்படிப் பல மட்டங்களில் அளந்தபின், இந்த மட்டம் என்றால் இவ்வளவு நீர் என்று ஓர் அட்டவணை போடமுடியும். மணல் நகர்ந்து ஆற்றின் அடி மாறினால் அட்டவணையும் தப்பாகும், மறுபடி அளக்கவேண்டும். இவ்வளவு பாடுபட்டு வருவதும் அந்த இடத்தைக் கடந்த நீர் மட்டுமே. மேலே அணைகளில் பிடித்ததையும் வாய்க்கால்களில் எடுத்ததையும் திரும்பக் கூட்டினால்தான் ஆறு இயல்பாக எவ்வளவு தந்தது என்று தெரியும். அந்தக் கூட்டல் மேலே இருப்பவனின் பதிவேட்டில் இருக்கிறது. காவிரியின் நெடுங்காலச் சண்டையில் பாதி, இந்தப் பதிவேட்டை நம்பலாமா என்ற சண்டை.

காவிரியில் அந்தக் கூட்டல் 740 ரி.எம்.சி. என்று நின்றது. ஒரு ரி.எம்.சி. நூறு கோடி கன அடி, எங்கள் கணக்கில் ஏறத்தாழ 23,000 ஏக்கர் அடி. 1972இல் அமைக்கப்பட்ட உண்மையறியும் குழு, மேட்டூர் அணை எழுந்த காலமான 1934–35 முதல் 1971–72 வரையான 38 வருடங்களைக் கொள்ளிடத்தின் கீழணையில் வைத்துக் கணக்கிட்டது. ஆண்டு என்றால் ஜூன் முதல் மே வரை. 1990இல் அமைந்த நடுவர் மன்றம் 2007 பெப்ரவரி 5இல் தந்த இறுதித் தீர்ப்பும் அதே 740ஐ எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7, சூழலுக்கு 10, தடுக்கமுடியாமல் கடலில் சேர்வதற்கு 4.

740 என்பது நூற்றுக்கு ஐம்பது நம்பகம் கொண்ட எண். 38 வருடங்களையும் பெரியதிலிருந்து சிறியதுவரை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது அது. அதாவது பாதி வருடங்களில் ஆறு அதைவிடக் குறைவாகத் தரும் என்பதை எல்லாத் தரப்பும் தெரிந்தே ஏற்றுக்கொண்டன. நாலில் மூன்று வருடம் கிடைக்கக்கூடிய அளவை எடுத்திருந்தால் 670 ரி.எம்.சி.தான் பங்குக்கு வந்திருக்கும். பக்கத்திலேயே ஓடும் கிருஷ்ணாவுக்கு பச்சாவத் நடுவர் மன்றம் அந்த நூற்றுக்கு 75 அளவையே எடுத்து 2,060 ரி.எம்.சி. என்றது. அதே ஆற்றுக்கு 2010இல் வந்த இரண்டாவது நடுவர் மன்றம் 65க்கு இறங்கியது. ஆகவே காவிரியின் 740ஐயும் கிருஷ்ணாவின் 2,060ஐயும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர் இரண்டு வேறு அளவுகோல்களை ஒப்பிடுகிறார். பெரிய எண்ணில் எல்லோருக்கும் ஒரு கவர்ச்சி உண்டு, தாளில் அவரவர் பங்கு பெருக்கும். ஆனால் தண்ணீர் முதலில் மேலே இருப்பவன் கைக்கு வருகிறது. பாதி வருடங்களில் ஏற்படும் குறை யார் பக்கம் போய் நிற்கும் என்பதை அந்தப் பெரிய எண்ணே முடிவுசெய்துவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ ஆற்றை 1922இல் ஏழு மாநிலங்கள் பங்கிட்டபோதும் கையில் இருந்தது மழை மிகுந்த வருடங்களின் பதிவு. ஆறு ஒருபோதும் நிலையாகத் தராத நீரை அவர்கள் பிரித்துக் கையெழுத்திட்டார்கள். இன்றுவரை அந்தக் கடனை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அளக்கும் இடமும் சும்மா ஓர் இடமல்ல. 1991இன் இடைக்காலத் தீர்ப்பு 205 ரி.எம்.சி.யை மேட்டூரில் வைத்து அளக்கச் சொன்னது. இறுதித் தீர்ப்பு 192ஐ மாநில எல்லையில், பிலிகுண்டுலுவில் அளக்கச் சொன்னது. இரண்டுக்கும் நடுவே தமிழ்நாட்டு மலைகளில் பெய்வது எவர் கணக்கில் சேரும் என்பதுதான் அந்த இடமாற்றத்தின் பொருள். அங்கே மத்திய நீர் ஆணையத்தின் நிலையம் இருக்கிறது. அளப்பவர் இரண்டு மாநிலத்தையும் சேராதவர் என்பதை நான் பெரிய நீதியாகவே மதிக்கிறேன்.

2018 பெப்ரவரி 16இல் தீர்ப்பு வந்தது. 740 அப்படியே நின்றது. பிலிகுண்டுலுவின் 192, 177.25 ஆனது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீர் முதலிய தேவைக்கு. மற்றப் 10, தமிழ்நாட்டு டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காகக் கழிக்கப்பட்டது. கடற்கரைக் கிணறுகளோடு வாழ்ந்தவன் என்ற முறையில் இந்த ஒரு கழிப்போடு எனக்கு உடன்பாடில்லை. ஆற்று நீர் குறைந்த வருடத்தில் கடலோரக் கிணறும் உவர்ப்பாகும், எங்கள் ஊரில் அதைக் குழந்தையும் சொல்லும். ஆறு வற்றும்போதே தானும் கெட்டுப்போகும் நீரை ஆற்றுக்கு ஈடாக எழுதுவது தாளில் சமனாகலாம், நாகப்பட்டினத்துக் கிணற்றடியில் சமனாகாது. ஆனாலும் தீர்ப்பு மாதவாரியாக எண் தந்தது. ஜூனில் 9.19, ஓகஸ்ட்டில் 45.95 என்று ஒரு கமக்காரன் சுவரில் ஒட்டிவைத்துப் பார்க்கக்கூடிய பட்டியல் அது. அதை நடைமுறைப்படுத்த அதே வருடம் ஜூனில் ஒரு மேலாண்மை ஆணையமும் அமைந்தது.

அந்தப் பட்டியல் எழுதாமல் விட்ட இடம் ஒன்றுண்டு. குறைந்த வருடத்தில் எல்லோர் பங்கும் விகிதப்படி குறையும் என்று நடுவர் மன்றம் ஒரு வரி எழுதியது. எந்த மாதத்தில் எதைப் பார்த்து அது குறைந்த வருடம் என்று அறிவிப்பது, குறையை எப்படிக் கணக்கிடுவது என்பதில் மாநிலங்கள் உடன்படவில்லை. 2016 செப்ரெம்பரில் அதன் விலை தெரிந்தது. முதலில் விநாடிக்கு 15,000 கன அடி என்றும் ஒரு வாரத்தில் 12,000 என்றும் உச்ச நீதிமன்றமே கதவு திறக்கும் அளவைச் சொல்லவேண்டி வந்தது, பெங்களூரில் வாகனங்கள் எரிந்தன. 2023இலும் மழை குறைந்தபோது பதினைந்து நாளுக்கு விநாடிக்கு 5,000 கன அடி என்ற விதமாகத்தான் காலம் ஓடியது. நிறைந்த வருடத்துக்குத் தீர்ப்பு வேண்டியதில்லை. குறைந்த வருடத்துக்காகவே ஆற்று வழக்குகள் நடக்கின்றன, அந்த வருடத்துக்கான பக்கத்தைத்தான் வெறுமையாக விடுகிறார்கள்.

எங்கள் கரையில் பங்கு பிரிப்பதற்குப் பழைய வேறொரு முறை இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே நடந்த முத்துக்குளிப்பில் ஒவ்வொரு தோணியின் சிப்பியும் கொட்டு என்ற அடைப்புக்குக் கொண்டுவரப்பட்டு மூன்று குவியலாக்கப்பட்டது. குவியலைப் பிரிப்பவர்கள் குளிகாரர்கள், தனக்கு இரண்டைச் சுட்டுவது அரசாங்க அலுவலர், மிஞ்சியது குளிகாரருக்கு. மூன்றில் ஒன்று என்பது கொடிய பங்குதான். ஆனால் சிப்பி குறைந்த நாளில் அரசாங்கத்தின் பங்கும் குறைந்தது. இத்தனை ஆயிரம் சிப்பி முதலில் எனக்கு, மீதி உனக்கு என்று இருந்திருந்தால் குறைந்த நாட்களில் குளிகாரர் வெறுங்கையோடு கரை ஏறியிருப்பார்கள். கட்டுக்கரைக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்தில் புலவு பிரிப்பதிலும் இந்த நியாயமே இருக்கிறது. குளத்தில் நிற்கும் நீரைப் பார்த்து இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று முடிவெடுத்து, குறைவை எல்லோரும் பங்கிடுவார்கள். ஒரு குளத்துக்குள் எங்களுக்குத் தெரிந்த இந்த நியாயம் ஆற்றின் முழு நீளத்துக்கும் போய்ச் சேரவில்லை.

காரணம் சட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. இந்திய அரசியலமைப்பின் 262ஆம் உறுப்பும் 1956ஆம் ஆண்டுச் சட்டமும் ஆற்று வழக்கில் மாநிலத்தைக் கட்சிக்காரர் ஆக்கின. கீழே உள்ள உழவனுக்காக ஓர் அரசு, தன் பொறியியலாளர்களோடும் ஏடுகளோடும் நின்றது. இங்கே இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி ஒன்றுக்கு மேற்பட்ட மாகாணங்களில் ஓடும் ஆற்றின் பெரு நீர்ப்பாசனம் மத்திய அரசுக்கு உரியது. மல்வத்து ஓயா வடமத்தியில் பிறந்து வடக்கில் முடிகிறது. ஆகவே மேலே திறப்பதும் கீழே கொடுப்பதும் இரண்டையும் அளப்பதும் கடைசியில் ஒரே அதிகாரத்தின் கீழ். எதிர்த்தரப்பு என்று ஒன்று இல்லாத இடத்தில் கணக்கைக் கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. அத்தோடு ஜயகங்கைக் கால்வாய் வழியாகக் கலாவாவித் தண்ணீரும், அதனூடே மகாவலி நீரும் அனுராதபுரக் குளங்களுக்கு வருகின்றன. ஆற்றின் சொந்த நீர் எது, வந்த நீர் எது என்று பிரித்து எழுதாத வரை, மேலே குறைந்ததா மேலே நின்றதா என்று ஒரு நீதிமன்றத்தால் சொல்லமுடியாது. தந்திரிமலைப் பக்கம் கீழ் மல்வத்து ஓயா நீர்த்தேக்கம் பற்றிப் பல ஆண்டுகளாகப் பேசுகிறார்கள். அது முழுமையாகி நீர் பிடிக்கும் நாளுக்கு முன் தேக்கம் அணைக்கான மாத எண் எழுதப்படாவிட்டால் அதன் பிறகு எழுதுவது மிகக் கடினம். அணைக்குப் பின் வரும் ஒவ்வொரு எண்ணும் அணைக்குச் சாதகமாகவே பிறக்கும் என்பதைக் காவிரி வழக்குக் கட்டுகள் முழுக்கப் பார்க்கலாம்.

டெல்லியிலிருந்து திரும்பிய பின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அலுவலகத்திடம் தேக்கம் அணையின் நீர்ப் பதிவுகளைக் கேட்டோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்து சில மாதமே ஆகியிருந்தது. பதில் வந்தது, இடையில் வருடக்கணக்கான வெறுமையோடு. 1990இல் ஒரு பகுதி ஊர் போனது, 2007 செப்ரெம்பரில் இராணுவம் சிலாவத்துறையைப் பிடித்தபோது மிஞ்சியவர்களும் போனார்கள். அடிக்கோலைப் பார்த்து எழுத ஆள் இல்லாத காலம் அது. அந்த வெறுமையை எவர் மீதும் குற்றமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சராசரி எடுக்கிறவர் அந்த வருடங்களை விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டும்போது, நாங்கள் இல்லாத வருடங்களில் எங்களுக்குத் தண்ணீரும் தேவைப்படவில்லை என்பதுபோல் ஓர் அளவு நிலைத்துவிடுகிறது. அதை மறுக்கும் சாட்சி இன்று எங்களிடம் உள்ளது அந்த ஒற்றை ரூல் கொப்பிதான்.

கொப்பி சாட்சியாகுமா என்று பலர் கேட்கிறார்கள். அரச பதிவேடு போலத் தானே பேசாது. ஆனால் பார்த்தவர் பார்த்த வேளையிலேயே எழுதியிருந்தால், சாட்சிக் கூண்டில் நின்று அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொள்ளச் சாட்சிக் கட்டளைச் சட்டத்தின் 159ஆம் பிரிவு இடம் தருகிறது. அதனால் இப்போது என்னிடம் வரும் கமக்காரர்களிடம் நான் கேட்பது சில விடயங்களே. பார்த்த அன்றே எழுதுங்கள், வாரக் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து எழுதவேண்டாம். திகதியோடு நேரத்தையும், அடிக்கோலின் அளவோடு வாய்க்காலில் வரத்து உண்டா இல்லையா என்பதையும் போடுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் மேலிருந்து வரவேண்டிய அளவைக் கேட்டு, கேட்டது கூட்ட அறிக்கையில் பதியப்பட்டதா என்று பாருங்கள், பிரதி ஒன்று எடுங்கள். வரத்து நின்றால் அறுவடை வரை பொறுக்காமல் ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாட்டைக் கொடுத்துவிடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது.